ஆயில் எங்கே போகிறது, தம்பி?

வாரத்தில் இரண்டு பேராவது ஒரே குறையோடு சின் மிங்கில் இருக்கும் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள். “அண்ணே, போன மாசம்தான் ஆயில் மாத்தினேன். இப்ப டிப்ஸ்டிக்ல ஒட்டவே இல்ல.” தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்ட உடனே வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அந்த அவசரம் எனக்கும் இருந்தது. நாற்பது வருடத்தில் அது எத்தனை பேருடைய காசைத் தின்றது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி என்று எழுதினாலும் இப்போது தங்கைகளும் ஸ்பானர் பிடிக்க வருகிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

1. என்ஜினில் ஊற்றிய ஆயிலுக்குப் போக்கிடம் இரண்டு. வெளியே கசியும், அல்லது உள்ளே பெட்ரோலோடு சேர்ந்து எரியும். ஆயில் கூலரோ ஹெட் காஸ்கெட்டோ பழுதாகி ரேடியேட்டர் தண்ணீரில் கலப்பது மூன்றாவது வழி. அது எப்போதோ ஒரு வண்டியில்தான் நடக்கும். தண்ணீர் டப்பாவின் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் ஆடை கட்டி நிற்கும், தேட வேண்டியதே இல்லை. மற்ற வண்டிகளில் கசிவா எரிவா என்று பிரிப்பதுதான் உன் முதல் வேலை. பிரிக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதே. கசிவு பெரும்பாலும் ஒரு ரப்பர் காஸ்கெட்டோடு முடிந்துவிடும். எரிவு என்றால் என்ஜினையே இறக்க வேண்டி வரலாம்.

2. ஒரு குவளை வாங்கு. மில்லி லிட்டர் கோடு போட்ட சாதாரண பிளாஸ்டிக் குவளை. என்னுடையதை தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடையில் வாங்கினேன். ஆயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிவிட்டது. 300க்கும் 400க்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோனதால் கத்திமுனையால் கீறி வைத்திருக்கிறேன். என் பெட்டியில் இருக்கும் எந்த ஸ்கேனரையும்விட அந்தக் குவளை எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

ஆயில் குறைகிறது என்று வருகிறவரிடம் எவ்வளவு குறைகிறது என்று கேள். “நிறைய” என்பார். நிறைய என்பது அளவில்லை. டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஆயிலை நிரப்பு. ஓடிய கிலோமீட்டரை அவர் கண்ணெதிரே எழுதிக்கொள். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல். தனியார் வாடகை வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாரத்தில் வந்துவிடுவார். பிள்ளைகளைப் பள்ளியில் விட மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு ஒரு மாதம் ஆகும். திரும்பி வந்ததும் குவளையில் ஆயிலை அளந்து, மறுபடி மேல் கோடு வரும்வரை ஊற்று. எத்தனை மில்லி போனதோ அதுதான் அந்த வண்டியின் நோய்க்குறிப்பு. 100, 200 மில்லி என்றால், வயதான வண்டியில் நான் எதையும் கழற்ற மாட்டேன். அரை லிட்டரைத் தொட்டால் தேட ஆரம்பிப்பேன். சில ஐரோப்பிய நிறுவனங்களின் கைப்புத்தகம் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றே சொல்கிறது. வண்டிக்காரரிடம் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு, அவருக்குப் பாதிக் கவலை போய்விடும்.

3. டிப்ஸ்டிக்கைச் சமதரையில் பார். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் பார்த்துவிட்டு, ஆயில் இல்லை என்று பதறி ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. என்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விடு. மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு இறங்கட்டும். உருவித் துடை, மறுபடி விட்டு எடு. கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது.

4. சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டும் விளக்கு இல்லை. அது அழுத்தத்தின் விளக்கு. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். “அடுத்த எக்ஸிட் வரைக்கும் போயிடலாம்” என்று தீவு விரைவுச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டையோடு வந்த என்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி அனுப்பு: ஓரமாக நிறுத்து, என்ஜினை அணை. விரைவுச்சாலையிலோ சுரங்கப் பாதையிலோ நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை காசு வாங்காமல் இழுத்துக்கொண்டு போகும்.

5. “தரையில ஒரு சொட்டு இல்ல, அதனால லீக் இல்ல” என்று வண்டிக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இப்போதைய கார்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. கசிகிற ஆயில் அதில் தேங்கி, வேகத்தில் பின்னால் வழிந்து எங்கோ போய்விடும். தட்டைக் கழற்றிப் பார். தட்டில்லாத வண்டி என்றால் காய்கறி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவு என்ஜினுக்கு நேர் கீழே விரித்துவைக்கச் சொல். முன்சக்கரம் எந்தப் பக்கம் என்று அட்டையில் பேனாவால் குறிக்கச் சொல். காலையில் அந்த அட்டை உனக்கு ஒரு வரைபடம். பழுப்போ கறுப்போ என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் கியர் ஆயில். வெறும் தண்ணீர் ஏர்கானுடையது, இந்த ஊரில் அது எல்லா வண்டியிலும் சொட்டும்.

6. கசிவைக் கீழிருந்து தேடாதே, மேலிருந்து தேடு. ஆயில் புவியீர்ப்புக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. சொட்டுகிற இடத்துக்கும் கிளம்பிய இடத்துக்கும் அரை மீட்டர் இடைவெளி இருக்கும். என்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடை, இரண்டு நாள் ஓடவிடு, பிறகு எந்த இடம் எல்லாவற்றுக்கும் மேலே ஈரமாக இருக்கிறது என்று பார். கண்ணுக்குச் சிக்கவில்லையா, ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து நீல விளக்கு அடித்துப் பார். பச்சையாகக் கோடு போட்டுக் காட்டும்.

நான் பையனாக இருந்தபோது வேலை பார்த்த இடத்தில் ஒரு வண்டி வந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டினோம். கியர்பாக்ஸை இறக்கினோம், சீலை மாற்றினோம், ஏற்றினோம். இரண்டு நாள் வேலை. ஒரு வாரத்தில் வண்டி அதே சொட்டோடு திரும்பி வந்தது. டாப் கவர் காஸ்கெட்டின் பின் மூலை காய்ந்து கல்லாகியிருந்தது. அங்கே கிளம்பிய ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, சீல் இருக்கும் இடத்தில் வந்து சொட்டியிருக்கிறது. ஒரு கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்றைக்கும் என் சட்டைப் பையில் கைக்கண்ணாடி இல்லாமல் நான் வேலைக்கு வருவதில்லை.

டாப் கவரைத் திறக்கும்போது ஸ்பார்க் பிளக் குழிகளையும் பார். குழியில் ஆயில் நின்றால் அங்கே உள்ள வட்ட சீல்களும் போயிருக்கின்றன. ஆயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர், ஃபில்டர் மாட்டும் அடிப்பாகம், சம்ப் காஸ்கெட், டிரெயின் போல்ட்டின் வாஷர் என்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போ.

7. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு கழன்று வந்ததா என்று விரலால் தடவிப் பார். கண்ணை நம்பாதே, விரலை நம்பு. ஒரு முறை அந்த வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதை முறுக்கிவிட்டேன். வொர்க்‌ஷாப்பில் ஓடவிட்டபோது ஒரு சொட்டுக்கூட இல்லை. விரைவுச்சாலையில் அழுத்தம் ஏறியதும் இரட்டை ரப்பர் பிதுங்கி, ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. வண்டிக்காரர் விளக்கைப் பார்த்த உடனே அணைத்ததால் என்ஜின் பிழைத்தது. அவர் பின் இருக்கையில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. முப்பது வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு மறக்கவில்லை.

8. எதையும் பிரிப்பதற்கு முன் பிசிவி வால்வைப் பார். இந்த ஓர் அறிவுரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் பகுதிக்குள் இறங்கிவிடும். புது என்ஜினிலும் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். பழைய காலத்து வண்டிகளில் ஒரு குழாய் வைத்து ரோட்டுக்கே விட்டுவிட்டார்கள். 1960களிலிருந்து, காற்று கெடாமல் இருக்க, அதை மறுபடி காற்று உறிஞ்சும் பக்கம் அனுப்பி எரித்துவிடுகிறார்கள். அந்த வழியில் உட்கார்ந்திருக்கும் சுண்டுவிரல் நீள வால்வுதான் பிசிவி. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் வாயுவோடு ஆயிலையும் உறிஞ்சி எரித்துவிடும். மூடியபடி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். கசிவுக்கும் இதுவே காரணமாகலாம், எரிவுக்கும் இதுவே காரணமாகலாம். அடைத்த வால்வை அப்படியே விட்டுவிட்டுப் புது சீல் போட்டால், அந்தப் புது சீலும் சில மாதத்தில் கசியும்.

சோதிப்பது சுலபம். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின்மேல் ஒரு கடை பில்லை வை. தாள் மெதுவாக ஒட்டிக்கொண்டால் நல்லது. தாளைத் தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. உய்யென்று விசிலடித்து இழுத்தால், ஐரோப்பிய வண்டிகளில் டாப் கவருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். சில என்ஜின்களில் மூடியைத் திறந்ததும் ஓட்டமே தடுமாறும், அந்த மாடலின் பழக்கம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்.

ஈசூனிலிருந்து ஒரு வாடகை வண்டி ஓட்டுநர் வந்தார். ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும், ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று எங்கோ சொல்லியிருக்கிறார்கள். மூத்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். குவளையில் அளந்தேன், 1,000 கிலோமீட்டருக்கு 650 மில்லி. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும்; வரவில்லை, கரி பிடித்து இறுகியிருந்தது. வால்வையும் அதன் ஹோஸையும் மாற்றினோம். அடுத்த 1,000 கிலோமீட்டரில் 150 மில்லி. எல்லா வண்டிக்கும் இப்படி அமையாது, தம்பி. ஆனால் முப்பது, நாற்பது வெள்ளியில் முடிகிற சாத்தியத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஒருவரிடம் ஐயாயிரம் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

9. புகையைப் படி. நீலம் ஆயில், கறுப்பு பெட்ரோல், விடாமல் வரும் வெள்ளை தண்ணீர். நீலத்திலும் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் ஒரு பொதி நீலம் வந்து மறைந்தால் வால்வ் சீல். சிராங்கூன் சாலை சிக்னலில் வெகுநேரம் நின்று கிளம்பும்போது வந்தாலும் பெரும்பாலும் அதுதான். மேம்பாலம் ஏறும்போது, அழுத்தி மிதிக்கும்போது எல்லாம் வந்தால் ரிங். டர்போ வண்டி என்றால் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார். ஹைப்ரிட் வண்டி சிக்னலில் என்ஜினை அணைத்துக்கொள்ளும், புகை கண்ணில் படாது; மெயின்டனன்ஸ் மோடில் வைத்து ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புகையே தெரியாமல் எரிகிற வண்டிகளும் உண்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதை விழுங்கிவிடும். ஆயில் எரிந்துகொண்டே இருந்தால் கொஞ்ச காலத்தில் அந்தக் கன்வெர்ட்டரும் கெடும். வாகனப் பரிசோதனையில் அது தெரியவரும்.

10. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்பதால் ரிங் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடாதே. பிஸ்டனில் மேலே இரண்டு ரிங் அழுத்தத்தைப் பிடிக்கும், கீழே இருப்பது சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து இறக்கும். அந்த ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டாலும் கம்ப்ரஷன் அளவு சரியாகவே காட்டும். எரிபொருள் மிச்சப்பட வேண்டும் என்று இப்போது ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்துச் செய்கிறார்கள், கரி சேர்ந்தால் அவை சீக்கிரம் சிக்கிவிடுகின்றன.

டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ என்ஜினின் கதையைத் தெரிந்துகொள். கேம்ரி உட்படப் பல மாடல்களில் வந்த என்ஜின், இங்கேயும் நிறைய ஓடியது. பிஸ்டனில் ஆயில் திரும்பி இறங்கும் துளைகள் கரியில் அடைத்துக்கொண்டு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. 2015இல் அமெரிக்காவில் அந்த நிறுவனமே உத்தரவாதத்தை நீட்டித்து, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தது. யாருக்கு மாற்றலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? ஆயிலை நிரப்பி, 1,200 மைல் ஓட்டி, ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்ததா என்று அளந்து பார்த்தார்கள். அதாவது, சுமார் 1,930 கிலோமீட்டருக்கு 0.95 லிட்டர். உலகத்திலேயே பெரிய கார் நிறுவனத்துக்கும் கடைசியில் தேவைப்பட்டது ஓர் அளவுதான்.

11. மலேசியப் பயணம் பற்றிக் கேள். பத்துமலைத் தைப்பூசத்துக்கோ பினாங்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கோ போய்வந்த பிறகுதான் பலர் ஆயில் குறைந்ததைக் கவனிக்கிறார்கள். இங்கே எந்தச் சாலையிலும் 90க்கு மேல் அனுமதியில்லை, பாதி நேரம் சிக்னலில் நிற்கிறோம். அங்கே வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் 110இல் மூன்று, நான்கு மணி நேரம் ஒரே ஓட்டம். சுழற்சி கூடினால் ஆயில் செலவும் கூடும். இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்துப் பள்ளி, பக்கத்துச் சந்தை என்று குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து கிடக்கும். ஆயில் குறைந்திருந்தாலும் கலப்படம் அளவை நிரப்பிக் காட்டும். நீண்ட ஓட்டத்தில் என்ஜின் நன்றாகச் சூடேறி அதெல்லாம் ஆவியாகிப் போனதும், மாதக்கணக்கில் குறைந்தது ஒரே நாளில் குறைந்த மாதிரி தெரியும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போகும்முன் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் அபராதம். அப்போதே டிப்ஸ்டிக்கையும் பார்க்கப் பழக்கு.

12. கெட்டி ஆயில் மருந்தில்லை. லீக்கை நிறுத்தும் போத்தலும் அப்படித்தான். ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். கைப்புத்தகம் அனுமதிக்கும் வரம்புக்குள் ஆயிலின் கெட்டி எண்ணில் 20இலிருந்து 30க்குப் போவதில் தப்பில்லை, நம் ஊரில் பனிக்காலம் கிடையாது. வரம்பைத் தாண்டாதே.

13. வடித்த ஆயிலை, ஆயில் பட்ட துணியை, ஒரு சொட்டானாலும் வடிகாலில் விடாதே. லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறாயா? மரினா நீர்த்தேக்கத்துக்கு. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை அங்கே சேர்ந்து குடிநீராகிறது. நீ கழுவிவிடுகிற ஆயில் உன் வீட்டுக் குழாயின் பாதையில்தான் இறங்குகிறது. டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு ஆயில்காரரிடம் கொடு.

14. விலை சொல்லும்முன் சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், எப்போது முடிகிறது என்று கேள். வேறு ஊர் மெக்கானிக்குக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. நமக்கு 1990இலிருந்து இதுதான் வண்டியின் ஆயுள் ரேகை. பத்து வருடம் முடிந்தால் வண்டியை ஒப்படைக்க வேண்டும், அல்லது முந்தைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி ஐந்து வருடமோ பத்து வருடமோ நீட்டிக்க வேண்டும். நீட்டித்தால் சாலை வரி கூடும், பரிசோதனை வருடா வருடம் வரும். பத்து வருடம் நீட்டிக்கப் போகிறவர் என்றால் ரிங், வால்வ் சீல் எல்லாவற்றையும் போட்டு என்ஜினைச் சரியாகச் செய்துகொடு. பாதி வேலை செய்யாதே. எட்டு மாதத்தில் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறவரிடம் என்ஜினை இறக்கலாம் என்று சொல்வது பாவம். அவருக்கு ஒரு போத்தல் ஆயிலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கமும் போதும். புகை கண்ணுக்குத் தெரிய அடித்தால் மட்டும் அந்த வழி கிடையாது. அது சட்டப்படி குற்றம், பின்னால் வருகிறவன் மூச்சுக்கும் கேடு.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இப்படித்தான் ஒன்பது மாதம் ஓட்டினார். 1,000 கிலோமீட்டருக்கு 400 மில்லி. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தேதி, கிலோமீட்டர், அளவு மூன்றையும் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். வண்டியை ஒப்படைத்த அன்று மாலை பஸ்ஸில் சின் மிங்குக்கு வந்து, மீதமிருந்த முக்கால் போத்தல் ஆயிலை என் மேசையில் வைத்தார். “யாருக்காவது ஊத்துப்பா” என்றார். அந்தப் பக்கத்தையும் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார். பதினோரு வரிகள். பிறை வடிவத்தில் ஓர் ஆயில் கறையோடு இன்னும் என் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.